போருக்குத் தேதி சொன்ன கிரகணம்

939ஆம் ஆண்டு, ஜூலை 19, வெள்ளிக்கிழமை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் காலை வெயில் ஏற வேண்டிய நேரம். ஆனால் வெயில் ஏறவில்லை. சூரியனின் ஓர் ஓரம் கறுத்தது. அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வளர்ந்தது. பகல் மங்கிப் போனது. பார்த்தவர்கள் நடுங்கிவிட்டார்கள்.

அப்போது இத்தாலியின் பவியா நகரத்தைச் சேர்ந்த லியுத்பிராந்து என்பவருக்கு ஏறத்தாழ 19 வயது. பிற்காலத்தில் அவர் கிறிஸ்தவ ஆயரானார். அரசர்களுக்குத் தூதராகவும் போனார். அவர் எழுதிய வரலாற்று நூலில் இந்தக் கிரகணம் வருகிறது. வெள்ளிக்கிழமை, பகலின் மூன்றாம் மணி வேளையில் சூரியன் மறைந்தது என்று எழுதியிருக்கிறார். அதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறார். அதே நாளில்தான் ஸ்பெயினில் கலீஃபா அப்துர் ரஹ்மானை ராமிரோ அரசர் போரில் தோற்கடித்தாராம்.

இந்த இரண்டாவது செய்திதான் நமக்கு வேலை வைக்கிறது. கிரகணமும் போரும் உண்மையிலேயே ஒரே நாளில் நடந்தனவா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டையின் தேதியை இன்று யாரிடம் போய்க் கேட்பது? சூரியனிடமும் நிலவிடமும் கேட்கலாம். அவை இரண்டும் கணக்குத் தவறாமல் நடப்பவை. அதற்கு முன் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று தெரிந்துகொள்வோம்.

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் நிலப்பகுதிக்கு ஐபீரியத் தீபகற்பம் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் அதன் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அந்த நாட்டை அல்-அந்தலுஸ் என்றார்கள். தலைநகர் குர்துபா, இன்றைய கோர்தோபா. மூன்றாம் அப்துர் ரஹ்மான் 912இல் அங்கே ஆட்சிக்கு வந்தார். 929இல் தம்மைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டார். வடக்கே மலைகளை ஒட்டிச் சிறிய கிறிஸ்தவ அரசுகள் இருந்தன. அவற்றில் லியோன் அரசை ஆண்டவர் இரண்டாம் ராமிரோ. லியோனின் எல்லைப்பகுதிகளைச் சில பிரபுக்கள் காத்துவந்தார்கள். கஸ்தீல் பகுதிக்குப் பெர்னான் கொன்சாலஸ், மொன்சோன் பகுதிக்கு அன்சூர் பெர்னாந்தஸ். இந்தப் பிரபுக்கள் எப்போதும் அரசருக்கு அடங்கி நடந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சில ஆண்டுகளிலேயே பெர்னான் அரசரை எதிர்த்துச் சிறைக்குப் போனார். அவருடைய கஸ்தீலை ராமிரோ எடுத்து அன்சூரிடமே கொடுத்தார். ஆனால் 939இல் எல்லோரும் ஓரணியில் நின்றார்கள். பம்ப்லோனா நாட்டுப் படையும் அவர்களோடு வந்து சேர்ந்தது.

இரு தரப்புக்கும் நடுவே எல்லைபோல ஓடியது துவேரோ ஆறு. அதன் துணையாறு பிசுவேர்கா. அந்தத் துணையாறு துவேரோவில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, கரை மேட்டில் இருக்கும் ஊர்தான் சிமாங்காஸ். குர்துபாவிலிருந்து கலீஃபா தாமே படையை நடத்திக்கொண்டு அங்கே வந்தார். பழைய ஏடுகள் அந்தப் படையில் ஒரு லட்சம் பேர் இருந்ததாகச் சொல்கின்றன.

ஒரு லட்சமா? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் ஆளுக்கு நாளுக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் கிலோ. ஒரு கோவேறு கழுதை ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும். அப்படியானால் ஒரே ஒரு நாள் சாப்பாட்டைச் சுமக்கவே 1,000 கழுதைகள் வேண்டும். பத்து நாளுக்கு 10,000 கழுதைகள். அந்தக் கழுதைகளுக்கும் தீனி வேண்டும். கோடை வெயிலில் ஒரு குதிரை நாளுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வறண்ட ஸ்பெயின் நடுநிலத்தில், ஜூலை மாதத்தில், இத்தனைக்கும் தண்ணீர் எங்கே கிடைக்கும்? ஏடு எழுதியவர்கள் ‘மிகப் பெரிய படை’ என்பதைத்தான் ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையான படை பெரியதுதான், ஆனால் அந்த எண்ணுக்கு மிகவும் கீழே இருந்திருக்க வேண்டும்.

சண்டை பல நாள் நீடித்தது. கலீஃபாவின் படை தோற்றுப் பின்வாங்கியது. சரகோசா நகரத்தின் ஆளுநர் முகம்மது இப்னு ஹாஷிம் சிறைப்பட்டார். திரும்பும் வழியில் அல்ஹாந்தேகா என்ற பள்ளத்தாக்குப் பகுதியில் கிறிஸ்தவப் படை வழிமறித்துத் தாக்கியது. அங்கே ஏற்பட்ட இழப்புதான் பெரிது. கலீஃபா தாம் ஓதும் குர்ஆன் பிரதியையும் பொன் வேலைப்பாடு செய்த கவசத்தையும் விட்டுவிட்டு உயிர் தப்பினார். அதன்பின் அவர் 22 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு முறைகூடத் தாமே படை நடத்திப் போகவில்லை.

இந்தப் போரை இரண்டு மதங்களின் சண்டை என்று மட்டும் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். பம்ப்லோனாவின் அரசி தோதாவுக்கும் கலீஃபாவின் தந்தைக்கும் தாய் ஒருவரே. அதாவது எதிரணியில் இருந்தவர் கலீஃபாவுக்கு அத்தை முறை. போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பிறகு அந்த அத்தை தம் பேரன் சாஞ்சோவை அழைத்துக்கொண்டு குர்துபாவுக்கே வந்தார். சாஞ்சோவுக்கு உடல் பருமன் அளவு கடந்துவிட்டது. குதிரை ஏற முடியாத அரசனை அக்காலத்தில் யாரும் மதிக்கவில்லை. அரியணையும் போய்விட்டது. கலீஃபாவின் அவையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அவருக்கு வைத்தியம் செய்து உடலை இளைக்க வைத்தார். கலீஃபாவின் படை உதவியோடு சாஞ்சோ மீண்டும் அரியணை ஏறினார். அந்தச் சாஞ்சோ யார் தெரியுமா? சிமாங்காஸில் கலீஃபாவைத் தோற்கடித்த ராமிரோவின் மகன்!

சரி, இப்போது கிரகணத்துக்கு வருவோம்.

நிலவு பூமியைச் சுற்றி வருகிறது. சுற்றும்போது சில சமயம் சூரியனுக்கும் பூமிக்கும் சரியாக நடுவில் வந்துவிடுகிறது. அப்போது நிலவின் நிழல் பூமியில் விழும். அந்த நிழலுக்குள் இருப்பவர்களுக்குச் சூரியன் தெரியாது. இதுதான் சூரிய கிரகணம். இதில் ஒரு வியப்பு உண்டு. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர், நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சூரியன் 400 மடங்கு பெரியது. அவ்வளவு பெரியதை இவ்வளவு சிறியது எப்படி மறைக்கிறது? சூரியன் நிலவைப் போல ஏறத்தாழ 400 மடங்கு தொலைவில் இருப்பதால்தான். 400 மடங்கு பெரியது, 400 மடங்கு தூரம். ஆகவே நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அறையின் ஒரு மூலையில் நின்று, எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் வட்டக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் விரல் கடிகாரத்தைச் சரியாக மறைத்துவிடும். கையை இன்னும் நீட்டினால் கடிகாரத்தின் ஓரம் வெளியே தெரியும். நிலவும் அப்படித்தான். அதன் பாதை முழு வட்டம் அல்ல, சற்று நீண்டது. அதனால் சில சமயம் அருகிலும் சில சமயம் தொலைவிலும் இருக்கிறது. அருகில் இருக்கும்போது மறைத்தால் முழு கிரகணம். தொலைவில் இருக்கும்போது மறைத்தால் சூரியனின் விளிம்பு நெருப்பு வளையமாக வெளியே தெரியும். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தது அந்த வளைய கிரகணம்தான்.

ஒவ்வோர் அமாவாசையும் நிலவு சூரியன் இருக்கும் பக்கம் வருகிறது. அப்படியானால் மாதம் ஒரு கிரகணம் வர வேண்டாமா? வருவதில்லை. நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. அமாவாசை இல்லாமல் சூரிய கிரகணம் இல்லை, ஆனால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் இல்லை. இந்த வரியை நினைவில் வையுங்கள். நம் துப்பறியும் வேலைக்கு இதுதான் திறவுகோல்.

முதல் தடயம், நாள்காட்டி. லியோன் நாட்டுக்காரர்கள் அந்த ஆண்டை 939 என்று எழுதவில்லை. ஸ்பெயினில் அப்போது வேறொரு ஆண்டுக்கணக்கு இருந்தது. அது நம் கணக்கைவிட 38 ஆண்டு முன்னால் ஓடும். ஆகவே அவர்கள் ஏட்டில் அது 977. குர்துபாவில் ஹிஜ்ரி 327. அது நிலவை வைத்துக் கணக்கிடும் ஆண்டு. பிறை தெரிந்தால் மாதம் தொடங்கும். 12 மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் ஆகும். இத்தாலியில் இருந்தவர்களுக்கோ 939. மூன்று இடம், மூன்று எண். எழுதியவர்கள் ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்ததில்லை. இவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்துவது எப்படி?

ஒரே கிரகணத்தைப் பலர் எழுதிவைத்ததால் பொருத்த முடிந்தது. லியுத்பிராந்து வெள்ளிக்கிழமை என்கிறார். வானியலாளர்கள் நிலவின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 939 ஜூலை 19 அன்று கிரகணம் விழுகிறது. அந்த நாளின் கிழமையைக் கணக்கிட்டால் சரியாக வெள்ளி! ஹிஜ்ரி கணக்கில் அது ரமலான் மாதத்தின் கடைசி நாள்களில் வருகிறது. அப்படித்தான் வர வேண்டும். பிறை தெரிந்தால் மாதம் பிறக்கும் என்றால், அமாவாசை மாதத்தின் இறுதியில்தானே வரும்? ஓரிரு நாளில் பிறை தெரிந்து ரமலான் முடிந்திருக்கும். அடுத்த மாதம் ஷவ்வால்.

இப்போது போர். அரபு வரலாற்று நூல்கள் சிமாங்காஸ் போர் ஷவ்வால் மாதத்தில் நடந்தது என்கின்றன. கஸ்தீல் பகுதியில் எழுதப்பட்ட பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்று கிரகணத்தை முதலில் சொல்கிறது. சூரியன் ஒரு மணி நேரம் இருண்டது என்கிறது. அதற்குப் பிறகு, ஆகஸ்ட் தொடக்கத்தில், குர்துபாப் படை சிமாங்காஸுக்கு வந்ததாகச் சொல்கிறது. எதிரெதிரே நின்று சண்டை போட்டவர்களின் ஏடுகள் இரண்டும் ஒத்துப்போகின்றன. கிரகணம் ரமலானில், போர் ஷவ்வாலில். கிரகணம் ஜூலையில், போர் ஆகஸ்டில். இரண்டு வாரத்துக்கும் மேல் இடைவெளி.

ஆக, தூரத்தில் இருந்த லியுத்பிராந்து இரண்டையும் ஒரே நாளாக்கிவிட்டார். அவர் கிரகணத்தைப் பொய்யாகச் சொல்லவில்லை. நாளும் வேளையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். போர்ச் செய்தி அவருக்குப் பிறர் வாய்வழியாகத்தான் வந்திருக்கும். பெரிய அதிசயமும் பெரிய போரும் ஒரே கோடையில் நடந்தால், சொல்லிச் சொல்லி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இப்படி நடப்பது புதிதல்ல.

படை அந்த வெள்ளிக்கிழமை எங்கே இருந்திருக்கும்? இதையும் நீங்களே கணக்கிடலாம். குர்துபாவிலிருந்து சிமாங்காஸ் நேர்க்கோட்டில் சுமார் 410 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. மலைப்பாதையில் சுற்றிப் போனால் தூரம் இன்னும் கூடும். மூட்டை முடிச்சுகளோடு நடக்கும் படை நாளுக்கு 20 கிலோமீட்டர் போவதே பெரிது. குறைந்தது மூன்று வாரப் பயணம். ஆகஸ்ட் தொடக்கத்தில் சிமாங்காஸுக்குப் போக வேண்டுமென்றால், ஜூலை 19 அன்று அவர்கள் வழியில்தான் இருந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் நடந்துகொண்டிருந்தவர்களின் கண்முன்னே சூரியன் மறைந்தது. அவர்கள் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் தடயம், நேரம். பின்னாளில் பரவிய ஒரு கதை, இரண்டு படையும் சிமாங்காஸில் எதிரெதிரே நிற்கும்போது நண்பகலில் சூரியன் மறைந்தது, மண்ணெல்லாம் மஞ்சள் கலந்த இருளில் மூழ்கியது, பயந்துபோன இரு தரப்பும் இரண்டு நாள் அசையாமல் இருந்தன என்கிறது. நண்பகல் என்பது சரியாக இருக்க முடியுமா? இத்தாலியில் அது பகலின் மூன்றாம் மணி. சூரிய உதயத்திலிருந்து எண்ணும் பழைய கணக்கு இது. அதன்படி நண்பகலுக்கு வெகு முன்னால், காலை வேளை. நிலவின் நிழல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். ஸ்பெயின் இத்தாலிக்கு மேற்கே இருக்கிறது. எனவே நிழல் முதலில் ஸ்பெயினைத் தொட்டுவிட்டுத்தான் இத்தாலிக்குப் போயிருக்கும். தவிர, மேற்கே போகப் போகச் சூரியன் உதிப்பதும் தாமதம். அப்படியானால் ஸ்பெயினில் கிரகணம் தெரிந்தபோது சூரியன் இன்னும் தாழ்வாக, கிழக்கு வானில்தான் இருந்திருக்கும். நண்பகல் என்று எழுதியவர் நேரில் பார்த்தவர் அல்லர்.

ஆனால் அந்த மஞ்சள் இருளை நான் நம்புகிறேன். ஓர் இடத்தில் முழு கிரகணம் நடக்கும்போது, நிழலுக்கு வெளியே தூரத்தில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த வெளிச்சம் அடிவானத்தை ஒட்டி, நீண்ட தூரம் காற்றைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. வரும் வழியில் நீலநிறம் சிதறிப் போய்விடும். மிஞ்சுவது மஞ்சளும் ஆரஞ்சும். அதனால் முழு கிரகணத்தின்போது நான்கு திசையிலும் அந்தி நேரம்போல அடிவானம் மஞ்சளாகத் தெரியும். இதைக் கற்பனையில் எழுதுவது கடினம். யாரோ பார்த்தவர் சொன்னதுதான் அந்தக் கதைக்குள் வந்து தங்கியிருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேர இருள்? பூமியில் எந்த ஓர் இடத்திலும் முழு மறைப்பு ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. நிலவின் நிழல் பூமியின்மேல் மணிக்கு 1,700 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் முழு மறைப்புக்கு முன்னும் பின்னும் சூரியன் பகுதியாக மறைந்திருக்கும். அந்த மங்கலான நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் சரியாகவே வரும். கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் அவர்கள் சொன்னது அவ்வளவு மோசமில்லை.

மூன்றாவதாக, எந்த ஏட்டிலும் தேடாமல் நாமே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று. அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு ஏறத்தாழ 14¾ நாள். ஜூலை 19உடன் கூட்டுங்கள். ஆகஸ்ட் 3 வரும். அப்படியானால் சிமாங்காஸில் சண்டை நடந்த நாள்களை ஒட்டி வானத்தில் பெரிய நிலவு இருந்தது. பாளையத்தில் தீப்பந்தம் இல்லாமலே எதிரியின் அசைவு தெரிந்திருக்கும். இரவில் ஒளிந்து நகர்வது எளிதாக இருந்திருக்காது. எந்தப் புத்தகமும் சொல்லாத இதை நிலவு நமக்குச் சொல்கிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

அந்தக் காலத்தில் கிரகணம் ஏன் வருகிறது என்று யாருக்குமே தெரியாதா? நன்றாகவே தெரியும். அதே ஸ்பெயினின் செவில் நகரத்தில் வாழ்ந்து 636இல் மறைந்த ஆயர் இசிதோர், சூரியனுக்கு முன்னால் நிலவு வருவதால்தான் சூரிய கிரகணம் என்று எழுதிவைத்திருந்தார். அவர் அந்த நூலை எழுதிக் கொடுத்தது சிசெபுத் என்ற அரசருக்கு. அரசரும் சும்மா இருக்கவில்லை. சந்திர கிரகணத்தை விளக்கி ஒரு கவிதை எழுதி இசிதோருக்கே அனுப்பினார்! அரபு உலகத்தில் அறிவு இன்னும் மேலே போயிருந்தது. சிரியாவின் ரக்கா நகரத்தில் இருந்து வானத்தை அளந்த அல்-பத்தானி, சூரியனின் தோற்ற அளவு ஆண்டு முழுவதும் ஒன்றாக இல்லை, சற்றே மாறுகிறது என்று கண்டார். அதனால் வளைய கிரகணம் வரக்கூடும் என்றார். அவர் இறந்தது 929இல், சிமாங்காஸ் போருக்குப் பத்து ஆண்டு முன்.

லியுத்பிராந்து தம் நூலை யாருக்காக எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ரெசெமுந்து. கிறிஸ்தவ ஆயர். ஆனால் கலீஃபா அப்துர் ரஹ்மானின் அரசில் பணி செய்தவர், ஜெர்மனி அரசரிடம் கலீஃபாவின் தூதராகப் போனவர். குர்துபாவில் 961ஆம் ஆண்டை ஒட்டி ஒரு நாள்காட்டி நூல் எழுதப்பட்டது. எந்த மாதம் பகல் எவ்வளவு நீளம், எந்த நட்சத்திரம் எப்போது உதிக்கும், எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நூலோடு ரெசெமுந்துவின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. வானத்தை நன்கு அறிந்த ஒருவரிடம்தான், ‘உங்கள் அரசர் தோற்ற அன்று கிரகணம்’ என்று லியுத்பிராந்து சொல்லியிருக்கிறார்.

ஆக, அறிவு புத்தகத்தில் இருந்தது. பாளையத்தில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்த வீரருக்கும், கழுதைக்குத் தீனி போட்ட சிறுவருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஓர் ஊரில் முழு சூரிய கிரகணம் தெரிந்தால், அதே ஊரில் மீண்டும் தெரியச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். தாத்தாவும் பார்த்திருக்க மாட்டார், அவருடைய தாத்தாவும் பார்த்திருக்க மாட்டார். பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆனாலும் பயந்தவர்கள் அதை எழுதிவைத்தார்களே, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் எழுதியதுபோன்ற குறிப்புகள் இன்று பூமியின் வேகத்தை அளக்க உதவுகின்றன.

பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் மிக மிக மெல்லக் குறைந்துவருகிறது. நிலவின் ஈர்ப்பினால் கடலில் ஓதம் ஏறி இறங்குகிறது. அந்த நீரின் அசைவு பூமியின் சுழற்சிக்குத் தடை போடுகிறது. இழந்த சுழற்சி நிலவுக்குப் போய்ச் சேர்வதால் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போகிறது. பூமியில் ஒரு நாளின் நீளமோ நூறு ஆண்டுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. இது ஒரு விஷயமா என்று தோன்றும். 939இலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 4 லட்சம் நாள்கள். சராசரியாக நாளொன்றுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 2,000 விநாடி. அரை மணி நேரத்துக்கும் மேல்!

பூமி எப்போதும் இன்றைய வேகத்திலேயே சுற்றியது என்று தவறாக நினைத்து 939இன் கிரகணத்தைக் கணக்கிட்டால், நிழல் விழுந்த பாதை ஸ்பெயின் இருக்கும் அட்சரேகையில் 600 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே தள்ளிப்போய்விடும். இன்னும் பழைய கிரகணங்களில் பிழை இன்னும் பெரிது. பொது ஆண்டுக்கு முன் 136, ஏப்ரல் 15 அன்று பாபிலோன் நகரத்தில் முழு சூரிய கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பூமியின் வேகம் மாறவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த நிழல் பாபிலோனில் விழவே விழாது. ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்கா தீவில் விழும். பாபிலோன்காரர்கள் பொய் சொல்லவில்லை, பூமிதான் வேகம் மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக வானியலாளர் ரிச்சர்ட் ஸ்டீபன்சன் பல ஆண்டுகள் உழைத்து, பாபிலோன், சீனம், அரபு நாடுகள், ஐரோப்பா என்று எல்லா இடத்துப் பழைய கிரகணக் குறிப்புகளையும் சேர்த்து இந்த வேகக் குறைவை அளந்தார். அந்த வேலைக்கு அவருக்குத் தேவைப்பட்ட தகவல் இரண்டே இரண்டுதான். எந்த ஊரில் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள். சண்டையில் யார் வென்றார் என்பது அங்கே தேவைப்படவில்லை.

சிமாங்காஸ் இன்றும் இருக்கிறது. வல்லாதோலித் நகரத்திலிருந்து 10 கிலோமீட்டர். அங்கே உள்ள கோட்டைக்குள் 1540இல் தொடங்கிய ஸ்பெயின் அரசின் பெரிய ஆவணக் காப்பகம் இயங்குகிறது. 2026 ஆகஸ்ட் 12ஆம் தேதி முழு சூரிய கிரகணத்துக்கு வானியலாளர்கள் கணக்கிட்ட நிழற்பாதை இந்த வட்டாரத்தின் மேலேதான் செல்கிறது. மாலையில், சூரியன் மறைவதற்குச் சற்று முன், அங்கே ஒன்றேகால் நிமிடம் அளவுக்கு முழு மறைப்பு. அடுத்தது 2027 ஆகஸ்ட் 2. அந்த நிழல் ஸ்பெயினின் தென்முனை, வட ஆப்பிரிக்கா, எகிப்து வழியாக வருகிறது. நம் ஊரில் அது பகுதி கிரகணமாக மாலை நேரத்தில் தெரியும்.

அன்று வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் கண்ணைக் காப்பாற்றாது. ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு, அதன் வழியே வரும் வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்தால் சூரியனின் பிம்பம் அதில் தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளில் விழும் பிம்பத்தை மட்டும் பாருங்கள். பார்த்தபின் உங்கள் நோட்டில் நாள், கிழமை, ஊர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஐந்தையும் எழுதிவையுங்கள்.